பெரிய அணி சரிகிறதா, எழுகிறதா? நோட்டுப் போட்டுப் பார்க்கும் முறை

கால்பந்து உலகக் கோப்பை முடிந்த மறுநாள், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில் இருக்கும் எங்கள் சாட்ஸ்வொர்த்தில் தீர்ப்புச் சொல்லாத ஆள் கிடையாது. "ஜெர்மனி கதை முடிஞ்சுது", "இத்தாலியை மறந்துடலாம்", "ஐரோப்பா காலமே போச்சு" என்று ஆளுக்கொரு பேச்சு. இதில் பாதி, முந்தின நாள் ராத்திரி பார்த்த ஒரே ஆட்டத்தை வைத்துச் சொல்வது. சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்து பந்தும் கையுமாக ஓடும் பையன்களுக்கு நான் சொல்லித்தரும் முறை வேறு. அதை இங்கே எழுதுகிறேன்.

கோடு போட்ட கணக்கு நோட்டு ஒன்று வாங்குங்கள். ஜெர்மனி, இத்தாலி, பிரான்ஸ், ஸ்பெயின், இங்கிலாந்து, நெதர்லாந்து என்று ஆறு அணி போதும். ஒவ்வொன்றுக்கும் எதிரெதிராக இரண்டு பக்கம். இடப் பக்கம் போட்டிகளுக்கு, வலப் பக்கம் ஆட்டங்களுக்கு.

இடப் பக்கத்தில் ஒரு போட்டிக்கு ஒரு வரிதான். வருடம், எந்தச் சுற்றில் வெளியே போனார்கள், யாரிடம் தோற்றார்கள். உலகக் கோப்பையையும், ஐரோப்பிய நாடுகள் மட்டும் ஆடும் யூரோ கோப்பையையும் தனித்தனியாகப் பிரிக்காமல் வருட வரிசையில் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதுங்கள். தகுதிச் சுற்றிலேயே போய்விட்டால் அதற்கும் ஒரு வரி உண்டு. அந்த வரியைச் சிவப்பில் எழுதுங்கள்.

ஏன் சேர்த்து எழுதச் சொல்கிறேன் என்பதற்கு இத்தாலியைப் பாருங்கள். 2006 உலக சாம்பியன். 2010 இங்கே தென்னாப்பிரிக்காவில் குழுவில் கடைசி இடம். நியூசிலாந்தைக்கூட வெல்ல முடியவில்லை. 2012 யூரோ இறுதி ஆட்டம். 2014 மறுபடியும் குழுவோடு சரி. 2018க்குத் தகுதியே பெறவில்லை, சுவீடன் தடுத்துவிட்டது. 2021இல் வெம்ப்லியில் யூரோ கோப்பை. அடுத்த மார்ச்சில் பாலெர்மோவில், சொந்த மண்ணில், வட மாசிடோனியாவிடம் 92ஆவது நிமிட கோலில் தோற்று 2022 உலகக் கோப்பையும் போச்சு.

உலகக் கோப்பையை மட்டும் எழுதியிருந்தால் இத்தாலி செத்த அணி என்பீர்கள். யூரோவை மட்டும் எழுதியிருந்தால் ராஜா என்பீர்கள். இரண்டையும் ஒன்றாகப் படித்தால் உண்மை தெரியும்: ஒரு மாதம் சேர்ந்து இருந்து ஆடும் போட்டியில் சில தடவையாவது அவர்களால் எழுந்து நிற்க முடிகிறது, மாதக்கணக்கில் இழுக்கும் தகுதிச் சுற்றில், பூட்டிக்கொண்டு ஆடும் சின்ன அணிகளுக்கு எதிராக, கோல் அடிக்க ஆள் இல்லை. பாலெர்மோவில் அவர்கள் 30 தடவைக்கு மேல் கோலை நோக்கி அடித்தார்கள். ஒன்றுகூட உள்ளே போகவில்லை. அதற்கு முன்பு சுவிட்சர்லாந்தோடு ஆடிய இரண்டு தகுதி ஆட்டங்களிலும் ஜோர்ஜினோ பெனால்டியைத் தவறவிட்டிருந்தார். இரண்டில் ஒன்று உள்ளே போயிருந்தாலும் பாலெர்மோ ஆட்டமே தேவைப்பட்டிருக்காது.

இடப் பக்கத்தை வைத்து முடிவு சொல்ல எனக்கு ஒரு விதி உண்டு. ஒரு கெட்ட வரி விபத்து. இரண்டு வரி எச்சரிக்கை. மூன்று வரி தொடர்ந்து கெட்டிருந்தால்தான் சரிவு என்று எழுதலாம். ஜெர்மனி அப்படித்தான்: 2018 குழுவில் கடைசி, 2021 யூரோவில் இங்கிலாந்திடம் 16 அணிச் சுற்றிலேயே தோல்வி, 2022 மறுபடியும் குழுவோடு வெளியே. மூன்று வரி. அங்கே சரிவு என்று தைரியமாக எழுதினேன்.

பிரான்ஸ் விஷயத்தில் நம் ஊர்க்காரர்கள் மனசைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ள வேண்டும். 2010 ஜூன் 22 அன்று புளூம்ஃபொன்டைனில் பஃபானா பஃபானா, அதாவது நம் தென்னாப்பிரிக்க அணி, 2-1 என்று பிரான்ஸை வென்றது. குமாலோவும் எம்ஃபேலாவும் அடித்த கோல்களை இன்றைக்கும் நினைத்தால் எனக்கு மயிர் கூச்செறியும். ஆனால் அதை பிரான்ஸின் வீழ்ச்சி என்று எழுதக் கூடாது. அந்த அணி இரண்டு நாள் முன்பு நைஸ்னாவில் பயிற்சிக்கே இறங்காமல் பேருந்தில் ஏறி உட்கார்ந்துகொண்ட அணி. சண்டை ஆட்களுக்குள்ளே, ஆட்டம் கற்றுத்தரும் ஏற்பாடு அப்படியே இருந்தது. 2012, 2014 இரண்டிலும் கால் இறுதி, 2016 யூரோ இறுதி, 2018 உலக சாம்பியன், 2022 இறுதி. புளூம்ஃபொன்டைனில் நம்மிடம் இரண்டு கோல் வாங்கிய அதே கோல்கீப்பர் லோரிஸ்தான் 2018இல் கேப்டனாகக் கோப்பையைத் தூக்கினார். அதனால் ஓரத்தில் காரணத்துக்கு ஒரு கட்டம் போடுங்கள். சண்டையா, காயமா, வயதான அணியா, கோல் அடிக்க ஆள் இல்லையா என்று எழுதுங்கள். சண்டை இரண்டு வருடத்தில் ஆறும். ஆள் இல்லாத குறை சீக்கிரம் தீராது.

அப்புறம் வலப் பக்கம். நோட்டின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஒரு ஆட்டத்துக்கு நான்கு வரி: முதல் கோல் எந்த நிமிடம், எப்படி விழுந்தது, கடைசி 15 நிமிடத்தில் என்ன நடந்தது, தோற்கடித்தவர்கள் யார். இவற்றோடு, முடிவைச் சிவப்பிலும் ஆடிய விதத்தை நீலத்திலும் எழுதுங்கள்.

இரண்டு நிறம் வேண்டும் என்பதை எனக்கு உணர்த்தியது டர்பன் மோசஸ் மபிடா மைதானம். 2010 ஜூன் 16 அன்று ஸ்பெயின் அங்கே சுவிட்சர்லாந்திடம் 0-1 என்று தோற்றது. ஆட்டம் முழுக்கப் பந்து ஸ்பெயின் காலில்தான். 52ஆவது நிமிடம் சுவிஸ் வீரர் டெர்டியோக் ஓடி வந்து ஸ்பெயின் கோல்கீப்பர் காசியாஸோடு மோதி விழுந்தார், ஸ்பெயினின் பீக்கேயும் அந்தக் குவியலில் சிக்கினார், பந்து நழுவி ஜெல்சன் ஃபெர்னாண்டஸ் காலுக்கு வந்தது, தள்ளிவிட்டார். அவ்வளவுதான். ஜூலை 7, அதே மைதானம், அரை இறுதி. அன்றைக்கும் பந்து ஸ்பெயின் காலில்தான். 73ஆவது நிமிடம் ஷாவி கார்னர் அடிக்க, புயோல் பாய்ந்து வந்து தலையால் முட்டினார். ஜெர்மனி காலி. இரண்டு நாளும் கேலரியில் உட்கார்ந்து பார்த்தவன் நான். சிவப்பு வரி தலைகீழாக மாறியது, நீல வரி ஒன்றேதான். முதல் ஆட்டத்தில் தோற்றும் உலக சாம்பியன் ஆன முதல் அணி அதுதான்.

அந்த நீல வரி அவர்களைப் பின்னால் காட்டியும் கொடுத்தது. 2018இல் ரஷ்யாவோடும் 2022இல் மொராக்கோவோடும் ஆயிரத்துக்கு மேல் பாஸ் போட்டார்கள். இரண்டு முறையும் பெனால்டியில் வெளியே. எதிரணிகள் பொறுமையாகக் காத்திருக்கப் பழகிவிட்டன. 2024 யூரோவில் நீல வரி மாறியது: ஓரத்தில் யாமல் ஒரு பக்கம், நிக்கோ வில்லியம்ஸ் மறு பக்கம், பந்து கிடைத்ததும் நேராக ஆளைத் தாண்டும் ஆட்டம். ஏழு ஆட்டத்திலும் ஜெயித்தார்கள். இறுதியில் முதல் கோலே யாமல் கொடுத்து வில்லியம்ஸ் அடித்தது. நீல வரி மாறுகிறதா என்று தேடிப் பாருங்கள், கோப்பை வருவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

கடைசி 15 நிமிட வரி ஜெர்மனிக்காகவே வைத்தது. 2018இல் கொரியாவிடம் வாங்கிய இரண்டு கோலும் 90 நிமிடம் தாண்டி. 2022இல் ஜப்பானை 1-0 என்று முந்தியிருந்து, 75, 83ஆவது நிமிடங்களில் இரண்டு கோல் வாங்கினார்கள்.

அந்த ஜப்பான் கோல்களை அடித்த டோவானும் அசானோவும் அப்போது ஜெர்மன் கிளப்களில் ஆடிக்கொண்டிருந்தவர்கள். 'தோற்கடித்தவர்கள் யார்' என்ற வரியை நான் விடாமல் எழுதச் சொல்வது இதற்குத்தான். 2022இல் ஸ்பெயினையும் போர்ச்சுகலையும் வெளியேற்றி, அரை இறுதிக்குப் போன முதல் ஆப்பிரிக்க அணி மொராக்கோ. அந்த அணியில் பாதிக்கு மேல் மொராக்கோவுக்கு வெளியே பிறந்தவர்கள். ஹக்கிமி மாட்ரிட்டில், ஸியெக் நெதர்லாந்தில். ஐரோப்பாவின் வித்தை குறையவில்லை, மற்றவர்கள் கைக்கும் போய்விட்டது. 2006 முதல் 2018 வரை நான்கு உலகக் கோப்பையும் ஐரோப்பாவுக்குத்தான் போனது. "காலம் போச்சு" என்பவர்களிடம் அந்த வரியைக் காட்டுங்கள்.

இங்கிலாந்தைப் பற்றி எழுதும்போது மட்டும் கிளப் பாசத்தைக் கழற்றி வையுங்கள். எங்கள் தெருவில் ஒரு வீடு லிவர்பூல் என்றால் பக்கத்து வீடு மான்செஸ்டர் யுனைடெட், அதனால் சொல்கிறேன். 1966க்குப் பிறகு ஒரு கோப்பையும் இல்லை என்பது சரிதான், ஆனால் 2018 அரை இறுதி, 2021லும் 2024லும் யூரோ இறுதி என்று அவர்கள் பக்கம் ஏறுமுகம். நெதர்லாந்துக்குச் சிவப்பு வரிகளைப் பாருங்கள்: 2014இல் மூன்றாம் இடம் வாங்கிவிட்டு 2016 யூரோவுக்கும் 2018 உலகக் கோப்பைக்கும் தகுதி பெறவில்லை.

2026 முதல் ஒரு கட்டம் கூடுதலாக வேண்டும். 48 அணி ஆடி, மூன்றாம் இடம் பிடித்த எட்டு அணியும் சேர்ந்து 32 அணி அடுத்த சுற்றுக்குப் போகும் ஏற்பாடு இது. இனி பெரிய அணி குழுவோடு வெளியேறுவது அபூர்வம். 2016 யூரோவில் போர்ச்சுகல் மூன்று டிரா, மூன்றாம் இடம், கடைசியில் கோப்பை. ஆகவே 'எந்தச் சுற்று' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் 'குழுவில் எத்தனையாவது' என்று ஒரு கட்டம் போடுங்கள். மூன்றாவதாக வந்து தப்பித்த பெரிய அணியின் வரியையும் கெட்ட வரியாகவே எண்ணுங்கள். கோப்பை வென்றால் மட்டும் அதை அடித்துவிடலாம்.