ஆயா காலத்து கிறிஸ்மஸை கேட்டு வாங்கி பத்திரப்படுத்துறது எப்படி

வீட்ல எழுபது எண்பது வயசுல யாராவது இருந்தாங்கன்னா அவங்ககிட்ட இருக்கிற பழைய கிறிஸ்மஸ் கதையெல்லாம் இந்த வருஷமே கேட்டு வாங்கிடுங்க. அதை எப்படி பண்றதுன்னு எனக்கு தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன். நான் புதுச்சேரி நெல்லித்தோப்பு, அம்மா வழி சொந்தம் எல்லாம் கடலூர் மஞ்சக்குப்பம், புதுப்பாளையம் பக்கம், அதனால சொல்ற உதாரணம் எல்லாம் இந்த ரெண்டு ஊரை சுத்தியேதான் வரும், ஆனா கேக்கிற முறை எந்த ஊருக்கும் ஒண்ணுதான்.

முதல்ல ஒண்ணு. "ஆயா, உங்க காலத்துல கிறிஸ்மஸ் எப்படி இருந்துச்சு?"ன்னு கேக்காதீங்க. அப்படி கேட்டா "அப்பல்லாம் நல்லா இருந்துச்சுப்பா, இப்ப என்னா இருக்கு"ன்னு ஒரே வரியில முடிச்சிட்டு டிவி பக்கம் திரும்பிடுவாங்க. அவங்களுக்கு சொல்ல தெரியாம இல்ல, கேள்வி அவ்ளோ பெருசா இருந்தா எங்க ஆரம்பிக்கிறதுன்னு யாருக்குமே தெரியாது. 25ந்தேதியை விட்டுடுங்க, 24ந்தேதியை கேளுங்க. "24ந்தேதி காலைல எழுந்ததும் மொத வேலை என்னா? மாவு யாரு இடிச்சது? வெள்ளை அடிச்சது யாரு? கறி வாங்க யாரு போவாங்க, எத்தனை மணிக்கு போவாங்க? ராத்திரி கோவிலுக்கு நடந்தா, மாட்டு வண்டியா, புஷ் வண்டியா (ஆள் தள்ளிக்கிட்டு போற வண்டி)?" இப்படி வேலை வேலையா கேட்டா போதும், கதை தானா வரும். பண்டிகை ஞாபகம் எல்லாம் அந்த வேலையிலதான் ஒட்டிக்கிட்டு இருக்கு, அதுவும் பொம்பளைங்க ஞாபகம், ஏன்னா 25ந்தேதி அவங்க அசந்து போய் உக்காந்திருப்பாங்க, அவங்க கிறிஸ்மஸ் நடந்ததே அதுக்கு முந்தின பத்து நாள்ல.

கத்தோலிக்க வீடா இருந்தா கட்டாயம் கேக்க வேண்டியது ஒருசந்தி, அதாவது ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு இருக்கிற நோன்பு. பழைய சட்டப்படி கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் ஒருசந்தி, சுத்தபோசனம் (கறி தொடாம இருக்கிறது) ரெண்டும் உண்டு. அதாவது வீடு பூரா நெய் வாசனையும் பலகார வாசனையும் அடிக்கும், கறி வந்து மசாலா தடவி இருக்கும், ஆனா பெரியவங்க யாரும் வாயில வைக்க மாட்டாங்க, நடுராத்திரி பூசை முடிஞ்சு வந்துதான் கறி. இதை கேட்டீங்கன்னா பின்னாடியே நிறைய வரும், எந்த மாமா திருட்டுத்தனமா அதிரசம் எடுத்து தின்னாரு, யாரு மாட்டினாங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு அடுப்பு பத்த வெச்சது யாருன்னு. என் பெரியம்மா இதை சொல்லும்போது குரலே மாறிடும், பத்து வயசு புள்ள மாதிரி பேசுவாங்க.

அதே மாதிரி பூசை எந்த மொழியிலன்னு கேளுங்க. ரெண்டாம் வத்திக்கான் சங்கம் 1962ல இருந்து 1965 வரைக்கும் நடந்துச்சு, அந்த சமயத்துல ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமாத்தான் பூசை தமிழுக்கு மாறுச்சு, அதுக்கு முன்னாடி எல்லாம் லத்தீன், சாமியார் பீடத்தை பாத்து நிப்பாரு. பள்ளிக்கூடமே போகாத ஆயாவுக்குக்கூட "எத் கும் ஸ்பிரித்து துவோ"ன்னு பதில் சொல்ல வரும். அதை ரெக்கார்ட் பண்ணுங்க, எழுதிக்கிட்டா மட்டும் பத்தாது, அந்த உச்சரிப்பு அவங்களோட போயிடும். எந்த கோவில்னும் கேட்டு வைங்க. புதுச்சேரில மிஷன் வீதி சம்பா கோவில் (இப்ப இருக்கிற கட்டடம் 1791ல கட்டினது), ஸ்டேஷன் பக்கத்துல இருதய ஆண்டவர் கோவில், துய்மா வீதில கப்ஸ் கோவில், வெளியில வந்தா வில்லியனூர், அரியாங்குப்பம்னு ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கோவில். சம்பா கோவில்காரங்களுக்கு டிசம்பர் 8 மாதா திருநாள்லயே கொண்டாட்டம் ஆரம்பிச்சிடும், அதனால அவங்க கதை ரெண்டு வாரம் முன்னாடியே தொடங்கும். பூசை முடிஞ்சு பாலன் இயேசு சுரூபத்தை முத்தி செய்ய (முத்தம் குடுக்க) நின்ன வரிசை, கூட்டத்துல தொலைஞ்ச செருப்பு, இதெல்லாம் கேட்டாத்தான் வரும்.

கடலூர்ல லுத்தரன் குடும்பமா இருந்தா, அதாவது டேனிஷ் மிஷன் வழி வந்த ஆற்காடு லுத்தரன் சபைக்காரங்கன்னா, இந்த கேள்வி பாதி பொருந்தாது. அவங்ககிட்ட விடியக்காலை ஆராதனை, கீதபவனி, ஞானப்பாட்டு, சபையில புள்ளைங்க போட்ட நாடகம் இதை கேளுங்க. நாடகத்துல யாரு மரியாள், யாரு ஏரோது, அங்கி எந்த புடவையில தைச்சாங்கன்னு கேட்டீங்கன்னா ஒரு மணி நேரம் போறதே தெரியாது.

அடுத்தது வருஷம். பெரியவங்களுக்கு வருஷம் ஞாபகம் இருக்காது, "நான் சின்ன புள்ளையா இருந்தப்ப"ன்னு சொல்லுவாங்க, அதை விடாம ஏதாவது பெரிய சம்பவத்தோட முடிச்சு போடணும். நம்ம பக்கம் டிசம்பர் கடைசியில அப்படி நிறைய இருக்கு. 1964 டிசம்பர் 22, 23 ராத்திரி தனுஷ்கோடியை அடிச்ச புயல். 1972ல ராஜாஜி இறந்தது கிறிஸ்மஸ் அன்னிக்கே. 1973 டிசம்பர் 24 பெரியார் இறந்தாரு, 1987ல அதே டிசம்பர் 24 எம்ஜிஆர். அந்த எம்ஜிஆர் வருஷம் ஊருக்கு வர முடியாம வழியில மாட்டினவங்க கதை ஏறக்குறைய எல்லா குடும்பத்துலயும் ஒண்ணு இருக்கும், அவங்கவங்க வீட்ல கேட்டு பாருங்க. புதுச்சேரிக்காரங்களுக்கு இன்னும் ரெண்டு தேதி இருக்கு, 1954 நவம்பர் 1 பிரெஞ்சு ஆட்சி நம்ம கைக்கு வந்தது, 1962 ஆகஸ்ட் 16 சட்டப்படி மாறினது. "அது பிரெஞ்சுக்காரன் போனதுக்கு முன்னாடியா அப்புறமா?"ன்னு கேட்டா டக்குனு சொல்லிடுவாங்க. மில்லு வேலைக்காரங்க வீடா இருந்தா ரோடியர் மில்லு சங்கு, போனஸ், அதுல எடுத்த துணின்னு கேளுங்க. அந்த துணி கதை தனியா ஒண்ணு, ஒரே தானுல அண்ணன் தம்பி எல்லாருக்கும் சட்டை, பாவாடை, மிச்சத்துல தலகாணி உறைன்னு.

சைகோன், பாரிஸ்னு போன சொந்தம் இருந்தா அங்க இருந்து வந்த கடுதாசி, பார்சல் பத்தி கேளுங்க. சொல்தா (பிரெஞ்சு பட்டாளத்துல இருந்தவங்க) வீடுங்கள்ல பழைய பெட்டி இன்னும் இருக்கும், பரண்ல. அதை சும்மா இறக்கி ஆயா முன்னாடி வெச்சா போதும், நீங்க கேள்வியே கேக்க வேணாம்.

இப்ப சமையல், எனக்கு ரொம்ப முக்கியமா படுறது இதுதான். ரெசிபி கேட்டு எழுதிக்காதீங்க, அவங்களை செய்ய வெச்சு பக்கத்துல நில்லுங்க. புதுச்சேரி வீடுங்கள்ல விவிக்கம் கேக்னு ஒண்ணு உண்டு, ரவை, முட்டை, வெண்ணெய், ரம்முல ஊற வெச்ச பழம், முந்திரி எல்லாம் போட்டு பண்றது. எங்க வீட்ல ஓவன் வர்றதுக்கு முன்னாடி அதை கனமான சட்டியில ஊத்தி, கீழயும் கரி நெருப்பு, மூடி மேலயும் கரி நெருப்பு வெச்சு வேக வெச்சாங்க. பெரியம்மாவை கேட்டா "ரவை கொஞ்சம், முட்டை ஒரு பத்து பதினஞ்சு, பதமா அடிக்கணும்"னு சொல்லுவாங்க, அந்த பதம்னா என்னான்னு வாயால சொல்ல முடியாது. ஆனா செய்யும்போது பாத்தா தெரியும், கரண்டியை தூக்கி மாவை ஒழுக விடுவாங்க, ஒழுகின மாவு கீழ இருக்கிற மாவுல உடனே கலக்காம ஒரு கோடா ஒரு நொடி நிக்கும், அப்ப கையை நிறுத்திடுவாங்க. அந்த கோட்டை வீடியோ எடுங்க, மூஞ்சியை அப்புறம் எடுத்துக்கலாம். அளவு ஆழாக்கு, டம்ளர்னு சொன்னா சண்டை போடாதீங்க, அவங்க ஆழாக்கையே எடுத்து அவங்க கையால ரொப்ப சொல்லி, அதை ஒரு சின்ன தராசுல வெச்சு கிராம்ல எழுதிக்கங்க. தலை தட்டி அளக்கிறாங்களா, கோபுரமா அளக்கிறாங்களான்னும் பாருங்க, ரெண்டுக்கும் கேக்ல நல்ல வித்தியாசம் வரும். கலகலா, அச்சு முறுக்கு, அதிரசம் எல்லாத்துக்கும் இதே முறைதான்.

கையில மாவு இருக்கும்போதுதான் நல்ல கதை வரும், அதனால போனை கண்ணுக்கு தெரியுற இடத்துல ரெக்கார்ட் போட்டு வெச்சிட்டு கலகலா உருட்ட உக்காந்துடுங்க, நீங்களும் உருட்டுங்க. முன்னாடியே "பதிவு பண்றேன் ஆயா, சரியா?"ன்னு கேட்டுடுங்க, ஒளிச்சு வெச்சு பதிவு பண்றது தப்பு. போனை ஏரோப்ளேன் மோடுல போடுங்க, நடுவுல ஒரு லோன் கம்பெனி கால் வந்தா கதை அறுந்து போயிடும். ஃபேனை நிறுத்த முடியலன்னா குறைச்சாவது வைங்க, மிக்ஸி ஓடும்போது கேள்வி கேக்காதீங்க. அவங்க நிறுத்தினா உடனே அடுத்த கேள்விக்கு போகாதீங்க, கொஞ்சம் பொறுத்தா அவங்களே தொடருவாங்க, பாதி நல்ல விஷயம் அந்த இடைவெளிக்கு அப்புறம்தான் வந்திருக்கு.

போட்டோ இருந்தா ஒரே தடவையா ஆல்பம் பூரா காட்டாதீங்க, ஒண்ணை கையில குடுத்து பின்னாடி யாரு நிக்கிறாங்க, சட்டை யாரு தைச்சது, இந்த சவுக்கு கிளை எங்க இருந்து வெட்டினதுன்னு கேளுங்க. நம்ம கடலோரம் பூரா சவுக்கு தோப்பு, அதனால அப்ப கிறிஸ்மஸ் மரம்னா சவுக்கு கிளைதான், மண் தொட்டியில நட்டு பஞ்சு ஒட்டினது. மூங்கில் பிளாச்சுல கட்டின ஸ்டார், குடிலுக்கு தகர டப்பாவுல முளைக்க போட்ட கேழ்வரகு, வண்டிப்பாளையம் பண்ருட்டி பக்கம் வாங்கின மண் பொம்மை, இதெல்லாம் போட்டோ ஓரத்துலதான் இருக்கும், பெருசு பண்ணி பாருங்க. போன்ல படம் எடுக்கும்போது ஃபிளாஷ் போடாம, ஜன்னல் வெளிச்சத்துல, போட்டோவை தட்டையா வெச்சு நேர் மேல இருந்து எடுங்க, பின்பக்கத்தையும் எடுங்க, ஸ்டூடியோ முத்திரை, தேதி, யாராவது கிறுக்கினது இருக்கும். ஒட்டியிருக்கிற போட்டோவை பிச்சு எடுக்காதீங்க. பின்னாடி பேரு எழுதணும்னா மெல்லிசா பென்சில், பேனா வேணாம், மை முன்பக்கம் வரைக்கும் இறங்கிடும்.

சில விஷயம் கஷ்டமா இருக்கும், அதையும் கேக்கணும்னுதான் நான் நினைக்கிறேன். கோவில்ல யாரு எந்த பக்கம் உக்காந்தாங்க, உங்க குடும்பத்தை எங்க நிக்க வெச்சாங்க, யாரு வீட்டு பலகார தட்டு யாரு வீட்டுக்கு போகாதுன்னு. நம்ம ஊர் கோவில்கள்ல சாதிக்கு ஒரு பக்கம்னு பிரிச்சு வெச்ச காலம் இருந்துச்சு, அதை விட்டுட்டு கேக்கும் ஸ்டாரும் மட்டும் எழுதி வெச்சா அது பொய்க்கணக்கு. பக்கத்து வீட்டு இந்து, முஸ்லிம் குடும்பத்தோட தட்டு மாத்திக்கிட்ட கதையும் சேர்த்தே எழுதுங்க, ரெண்டும் உண்மைதான். ஆனா துக்கம் பத்தின கேள்வியை நீங்களா ஆரம்பிக்காதீங்க. தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம், சிங்காரத்தோப்பு மாதிரி கடலோர ஊருங்கள்ல 2004 கிறிஸ்மஸ்னா அதுக்கு மறுநாள் காலைல வந்த சுனாமிதான். அதை அவங்க எடுத்தா உக்காந்து கேளுங்க, ரெக்கார்டை நிறுத்தணுமான்னு கேளுங்க, எடுக்கலன்னா அந்த பக்கமே போக வேணாம்.

ரெண்டு பேரு ஒரே சம்பவத்தை வேற வேற மாதிரி சொல்லுவாங்க, பெரிய மாமா வாத்து கறின்னுவாரு, சின்ன மாமா ஆட்டு கறின்னுவாரு. யாரு சொன்னது சரின்னு தீர்ப்பு சொல்லாம ரெண்டையும் பேரு போட்டு எழுதுங்க. எழுதும்போது அவங்க பேச்சை திருத்தாதீங்க, "வெத்தல பாக்கு கட", "கோயிலாண்ட" எல்லாம் அப்படியே இருக்கட்டும். தேதியை சரி பாக்கணும்னா பங்கு கோவில் ஞானஸ்நான பதிவேடு, புதுச்சேரின்னா பிரெஞ்சு காலத்து பிறப்பு, கல்யாண பதிவுங்க உதவும், பழசு எல்லாம் லத்தீன்லயோ பிரெஞ்சுலயோ இருக்கும், பாக்கணும்னா பங்கு சாமியார்கிட்ட மரியாதையா கேட்டு, பண்டிகை நெருக்கடி இல்லாத நாளா பாத்து போங்க.

பதிவு பண்ண ஃபைலுக்கு அன்னிக்கே பேரு வைங்க, யாரு, எந்த ஊரு, எந்த தேதி பேசினதுன்னு, இல்லன்னா ஆறு மாசம் கழிச்சு எதுல என்னா இருக்குன்னு தெரியாம போயிடும். வாட்ஸப்ல அனுப்பினதை மட்டும் நம்பாதீங்க, அதுல போட்டோ தரம் குறைஞ்சிடும், மூலத்தை பென் டிரைவ்ல ஒண்ணு, கூகுள் டிரைவ்ல ஒண்ணு, வெளியூர் அக்கா தங்கச்சிகிட்ட ஒண்ணுன்னு வைங்க. குடும்ப குரூப்ல போடுறதுக்கு முன்னாடி சொன்னவங்களுக்கு ஒரு தடவை படிச்சு காட்டுங்க, "அந்த சித்தப்பா குடிச்ச கதையை எடுத்துடு"ன்னு சொன்னா எடுத்துடுங்க.

டிசம்பர் 20க்கு மேல இதை ஆரம்பிக்காதீங்க, வீட்ல யாருக்கும் உக்கார நேரம் இருக்காது. முதல் வாரத்துல, கலகலா மாவு பிசையுற அன்னிக்கு ஆரம்பிங்க. பேசிக்கிட்டே இருக்கும்போது "அது எனக்கு சரியா தெரியாது, உங்க சின்ன ஆயாவைத்தான் கேக்கணும்"னு கட்டாயம் ஒரு தடவையாவது சொல்லுவாங்க, அந்த பேரை உடனே எழுதிக்கிட்டு அன்னிக்கு சாயங்காலமே அவங்களுக்கு போன் போடுங்க.