ராத்திரி காவலுக்குப் போகும் தம்பிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் ஊரில் பையன்கள் மறுபடியும் ராத்திரி காவல் போட ஆரம்பித்திருக்கிறார்கள். மாங்காய் சீசன், தோப்புக்கு ஒரு வீடாகத் தனித்தனியே கிடக்கிறது, தேவைதான். போன வாரம் திண்ணையில் ஒருவன், “சிக்கட்டும்ண்ணா, கட்டி வச்சு உரிச்சிடலாம்” என்றான். இருபது வருஷத்துக்கு முன்னால் அதே திண்ணையில் நான் சொன்ன வார்த்தை. பூட்டு, சாவி சமாச்சாரமெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

சத்தம் கேட்டதும் கதவைத் திறப்பது

வெளிக்குழாயில் தண்ணீர் கொட்டினாலும் கன்று கத்தினாலும் திறக்காதீர்கள். விளக்குகளைப் போட்டுவிட்டு, பிள்ளைகளோடு ஓர் அறையில் தாழ் போட்டுக்கொண்டு 100 அல்லது 112-ஐ அழையுங்கள். தோப்பு வீட்டுக்குத் தெருப் பெயர் கிடையாது. எந்த ரோடு, எந்தக் கோயில், அங்கிருந்து எந்தப் பக்கம் மண்பாதை என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

கத்தியைக் காட்டும்போது மல்லுக்கு நிற்பது

நகையைக் கழற்றிக் கொடுத்துவிடுங்கள்.

பிடித்த பிறகு அடிப்பது

இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். என் மாமா வீட்டுப் பூட்டை உடைத்த இரண்டு பேரில் ஒருவன் நகையோடு ஓடிவிட்டான். இன்னொருவன் வரப்பில் வழுக்கி விழுந்து எங்களிடம் சிக்கினான். பிடித்தது வரை நியாயம் எங்கள் பக்கம் இருந்தது. அப்புறம் மாட்டுக் கயிற்றால் புளியமரத்தில் கட்டி ஆளுக்கு ஒரு அடி. யார் யாரோ வந்து, என்ன ஏது என்று கேட்காமலே அடித்தார்கள். அவன் தண்ணி கேட்டான். செம்போடு வந்த அத்தையை நான்தான் தடுத்தேன். இன்னும் உறுத்துகிறது. விடியும்போது அவன் கால் முட்டிக்குக் கீழே தொடை அளவுக்கு வீங்கியிருந்தது.

அவன் ஆஸ்பத்திரியில் பேச்சில்லாமல் கிடந்த நாட்களில் கூட்டாளி மாயமானான். மாமாவின் ஒன்பது பவுன் திரும்பவே இல்லை. அவன்மேல் ஒரு வழக்கு, எங்கள் நாலு பேர்மேல் ஒரு வழக்கு. ஆறு வருஷம் கோர்ட்டுக்கு நடந்தோம்.

சட்டம் கையைக் கட்டிப்போடவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றியவை. இரவில் வீட்டை உடைத்து நுழைந்தவன் உள்ளே இருக்கும் வரை அந்த உரிமை உண்டு. அப்போதும் தற்காப்புக்குத் தேவையான அளவுக்கு மேல் காயப்படுத்தக் கூடாது. கட்டிப்போட்டவனால் உங்களுக்கு என்ன ஆபத்து? அதற்குமேல் விழும் ஒவ்வொரு அடியும் உங்கள் குற்றம். கண்ணெதிரே இப்படித் திருடியவனைப் பொதுமக்களே பிடித்து வைக்கலாம். ஆனால் தாமதிக்காமல், அதிகபட்சம் 6 மணி நேரத்துக்குள், போலீஸிடம் ஒப்படைத்தாக வேண்டும். பிடித்ததும் சுற்றி நிற்பவர்களை விலக்குங்கள், உட்கார வையுங்கள், தண்ணீர் கொடுங்கள்.

பிடிபட்டவன் திருடனே இல்லை என்றால்? 2018 மே மாதம், பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் அருகே, குலதெய்வம் கோயிலுக்குக் காரில் வந்த குடும்பத்தைப் பிள்ளை பிடிப்பவர்கள் என்று வதந்தியை நம்பி அடித்தார்கள். ஒரு மூதாட்டி செத்தே போனார். அந்தக் கூட்டத்திலும் ஊர்க்காவல் என்று நினைத்து அடித்தவர்கள் இருந்திருப்பார்கள்.

நாட்டுத் துப்பாக்கி, கரண்ட் கம்பி

பன்றிக்கு வைப்பதே குற்றம். மனிதனுக்கு வைத்தால் கொலைக் கணக்கு.

பீரோவை ஒழுங்குபடுத்துவது

பெண்கள் அழுதுகொண்டே சிதறிக் கிடக்கும் புடவைகளை மடிக்க ஆரம்பிப்பார்கள், மனசு அப்படி. தடுத்து வெளியே அழைத்து வாருங்கள். பீரோக் கைப்பிடி, உடைந்த பூட்டு, குடித்துவிட்டு வைத்த டம்ளர், இவற்றில்தான் ரேகை கிடைக்கும்.

புகாரில் பவுனைக் கூட்டிச் சொல்வது

இருந்ததை மட்டும் எழுதுங்கள். நகைக்கடை ரசீது, கல்யாண போட்டோவில் கழுத்தில் கிடக்கும் நகை, இரண்டையும் காட்டுங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கையோடு கேட்டு வாங்குங்கள். அது இலவசம்.