பெல்லட் அடுப்பின் சூடு: எங்கே அளப்பது, எந்த எண்ணுக்குப் பயப்படுவது

பெல்லட் அடுப்பு (மரத்தூளை அழுத்திச் செய்த சிறு குச்சித் துண்டுகளை எரிப்பது) வாங்கியவர்கள் முதல் குளிர்காலத்தில் கேட்கிற கேள்வி, "எத்தனை டிகிரி வரைக்கும் போகலாம்?" என்பதுதான். எந்த இடத்து டிகிரி என்று சொல்லாமல் இதற்குப் பதில் கிடையாது. எரிகிண்ணத்தின் தீ 800 டிகிரியைத் தாண்டும். அதற்கு ஓரிரு அடி தள்ளி, பெல்லட் கொட்டி வைக்கும் ஹாப்பரைத் தொட்டால் வெதுவெதுப்பாகத்தான் இருக்க வேண்டும். இரண்டும் சரியான சூடுதான்.

கீழே உள்ள எண்கள் எல்லாம் செல்சியஸ். இங்கே ஒன்டாரியோவில் கிடைக்கும் அடுப்புகளின் கையேடுகள் பெரும்பாலும் பாரன்ஹீட்டில் பேசும், குழப்பிக்கொள்ளாதீர்கள். பொருத்துவதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அதை அந்த வேலை தெரிந்தவரிடம் விடுங்கள். காப்புறுதி நிறுவனமும் பெரும்பாலும் 'வெட்' (WETT, விறகு வகை அடுப்புகளை ஆய்வு செய்வோருக்கான) சான்றிதழ் உள்ளவரின் ஆய்வறிக்கையைக் கேட்கும்.

படி 1: கருவி

விறகு அடுப்புக் குழாயில் ஒட்டும் காந்த வெப்பமானி வேண்டாம். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று அதில் போட்டிருக்கும் வண்ணப் பட்டைகள் ஒற்றைச் சுவர்க் குழாய்க்கானவை. பெல்லட் குழாய் இரட்டைச் சுவர், நடுவில் காற்று. உள்ளே புகை கொதித்தாலும் வெளியே ஊசி சோம்பேறியாகக் கிடக்கும்.

இன்ஃப்ராரெட் கன் சுவர், தரை, ஹாப்பர் பார்க்க நல்லது. பளபளக்கும் எஃகில் மட்டும் நம்பாதீர்கள். அந்த உலோகம் அறையின் வெப்பத்தைப் பிரதிபலிப்பதால் எண் குறைவாகக் காட்டும். அடுப்பு ஆறியிருக்கும்போது வெப்பம் தாங்கும் மங்கல் கறுப்புப் பெயின்ட்டில் ஒரு ரூபாய் அளவுக்குப் பொட்டு வைத்து, அதையே குறிபாருங்கள். கண்ணாடி வழியாகத் தீயை அளக்கலாம் என்றும் நினைக்க வேண்டாம், கண்ணாடியின் சூடுதான் வரும்.

என் ஓட்டு 'கே' வகை தெர்மோகப்பிளுக்கு, அதாவது கம்பி முனையால் சூட்டை அளக்கும் கருவிக்கு. விலையும் அதிகமில்லை, ஏமாற்றவும் செய்யாது.

படி 2: அளக்கும் இடம்

எனக்கு அதிக நேரம் பிடித்த இடம் இதுதான். தெர்மோகப்பிள் வாங்கியதும் குழாயில் ஒரு துளை போட்டுச் செருகத் தோன்றும். கூடவே கூடாது. விறகு அடுப்பில் புகைபோக்கி புகையை இழுக்கிறது. பெல்லட் அடுப்பில் காற்றாடிதான் புகையை வெளியே தள்ளுகிறது. அதனால் குழாய்க்குள் அழுத்தம் அறையைவிடக் கூடுதல். சின்னத் துளையும் கார்பன் மோனாக்சைடை வீட்டுக்குள் கொண்டுவரும்.

உங்கள் அடுப்பில் தொழிற்சாலையிலேயே வைத்த ஆய்வுத் துளை இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால், அடுப்பின் பின்புறம் புகை வெளிவரும் கழுத்தில், ஒற்றை உலோகமாக இருக்கும் பகுதியில், தெர்மோகப்பிளின் முனையை உலோகக் கிளாம்பால் இறுக்கிவிடுங்கள். அங்கே கிடைப்பது மேற்பரப்பின் சூடு. உள்ளே புகை இன்னும் சூடாக இருக்கும். பரவாயில்லை, தினமும் அதே இடத்தில் அளந்தால் போதும்.

படி 3: உங்கள் அடுப்பின் எண்

முழுக்கச் சுத்தம் செய்த அடுப்பை ஒவ்வொரு நிலையிலும் அரை மணி நேரத்துக்கு மேல் ஓடவிட்டு எண்ணைக் குறித்து, ஹாப்பர் மூடியின் உட்புறம் ஒட்டி வையுங்கள். வெளியேறும் புகை பொதுவாக 100 முதல் 200 டிகிரிக்குள் இருக்கும். இங்கே விற்கும் பெல்லட் குழாய்கள் சுமார் 300 டிகிரி வரை தாங்கும் என்று மதிப்பிடப்பட்டவை. அதற்காக 290 வரை போகலாம் என்று அர்த்தமில்லை. மேற்பரப்பிலேயே 200ஐத் தாண்டினால் நான் அணைத்துவிடுவேன்.

எண்ணைவிட அது நகரும் திசையைக் கவனியுங்கள். அதே நிலையில் புகைச் சூடு ஏறுகிறது, ஆனால் அறை முன்போல் சூடாகவில்லை என்றால், தீயின் சூட்டை அறைக் காற்றுக்கு மாற்றும் வெப்பமாற்றிக் குழாய்களில் சாம்பல் போர்வை போர்த்தியிருக்கிறது. சூடு வெளியே ஓடுகிறது. சூடு இறங்கி, தீ நுனி கறுத்து மந்தமாக ஆடினால் காற்றுப் போதவில்லை. எரிகிண்ணத்தின் துளைகளையும் கதவு ரப்பரைப் போலிருக்கும் கயிற்றுப் பட்டையையும் பாருங்கள்.

படி 4: ஸ்நாப் டிஸ்க்

ஸ்நாப் டிஸ்க் என்பது குறிப்பிட்ட சூட்டில் தானாக மாறும் சுவிட்ச். நாணயம் மாதிரி இரண்டு மூன்று உள்ளே இருக்கும். புகை வழியில் உள்ளது தீ பிடித்ததா என்று பார்ப்பது. பல மாடல்களில் 50 டிகிரியை ஒட்டி வேலை செய்யும். ஹாப்பர், பெல்லட்டைத் தீக்குத் தள்ளும் திருகு ஆகியவற்றின் பக்கம் உள்ளது மிகைச் சூட்டுக்கானது; பெரும்பாலும் 90 முதல் 120 டிகிரிக்குள் திருகை நிறுத்திவிடும். "புகை 160 காட்டுகிறதே, 120க்கு ஏன் நிற்கவில்லை?" என்று பதற வேண்டாம், இரண்டும் வேறு வேறு இடங்கள்.

மிகைச் சூட்டு டிஸ்க் விழுந்து அடுப்பு நின்றால், அதன் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் திரும்ப ஓடும். ஒருமுறைக்கு மேல் விழுந்தால் காரணத்தைத் தேடுங்கள். இரண்டு கம்பியையும் முறுக்கி டிஸ்க்கை ஏமாற்றும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. அந்தப் பக்கமே போகாதீர்கள்.

அப்புறம், அணைக்கும்போது பிளக்கைப் பிடுங்காதீர்கள். காற்றாடிகள் நின்றால் சூடும் புகையும் உள்ளேயே தங்கும்.

பின்சேர்க்கை: "எல்லாம் சுத்தம், ஆனாலும் டிஸ்க் விழுகிறது" என்று சிலர் எழுதியிருந்தார்கள். அறைக்கு வெப்பக்காற்று அனுப்பும் காற்றாடியைக் கழற்றிப் பாருங்கள். நாய், பூனை இருக்கும் வீட்டில் அதன் இறக்கைகளில் முடி கம்பளமாகப் படிந்திருக்கும். சாம்பல் பக்கத்தைச் சுத்தம் செய்கிறவர்கள் இந்தப் பக்கத்தை மறந்துவிடுகிறார்கள்.

இன்னொன்று, மின்வெட்டு. யுபிஎஸ் வாங்குவதானால் தூய சைன் அலை வகையாகப் பார்த்து வாங்குங்கள், மலிவானவற்றில் காற்றாடி மோட்டார் முனகும். ராத்திரி முழுக்க அடுப்பை ஓட்ட அது போதாது. ஒழுங்காக அணைந்து ஆறும் வரைக்கும் காற்றாடி சுற்றினால் சரி. படுக்கையறைக்கு வெளியே கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லையென்றால், முதலில் அதை வாங்குங்கள், தெர்மோகப்பிள் அப்புறம்.