5 கிகாஹெர்ட்ஸும் ஒரு நீலத் திரையும்

என் கணினியில் இருப்பது இன்டெல் கோர் ஐ7 8700கே ப்ராசஸர். அதன் டர்போ வேகமே, அதாவது தானாக எட்டும் உச்ச வேகமே, 4.7 கிகாஹெர்ட்ஸ்தான், அதுவும் அதன் ஆறு கோர்களில் (தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) ஒன்று மட்டும் வேலை செய்யும்போது. ஆறு கோரும் 5 கிகாஹெர்ட்ஸில் ஓட வேண்டும் என்ற ஆசையில்தான் வேகத்தை நாமே கூட்ட விடும், விலை கூடிய இசட்390 மதர்போர்டு வாங்கினேன்.

போர்டின் அமைப்புத் திரையான பயாஸில் மல்டிப்ளையரை (பெருக்கும் எண்) 50 ஆக்கினேன். அடிப்படை க்ளாக் 100 மெகாஹெர்ட்ஸ், இரண்டையும் பெருக்கினால் 5 கிகாஹெர்ட்ஸ், கணக்கு சரி. வோல்டேஜை ஆட்டோவில் விட்டால் போர்டு 1.4 வோல்ட்டுக்கு மேல் அள்ளிக் கொடுத்தது. அதனால் நானே 1.30 வைத்தேன். கேம்கள் மணிக்கணக்கில் ஓடின. வீடியோ எக்ஸ்போர்ட் போட்டால் மட்டும் கணினி செயலிழந்து நீலத் திரை. ரேமைச் சந்தேகப்பட்டே இரண்டு நாள் வீணாயிற்று.

எக்ஸ்போர்ட் ஓடும்போது வோல்டேஜைக் கவனித்தேன்: 1.22. வீடியோ என்கோடர் ஏவிஎக்ஸ் கட்டளைகளை (ஒரே நேரத்தில் பல எண்களைக் கணக்கிடும் கனமான கட்டளைகள்) விடாமல் பயன்படுத்தும். கரன்ட் எகிறும், வோல்டேஜ் சரியும். நீலத் திரைக்கு அதுதான் காரணம்.

இந்தச் சரிவை ஈடுகட்டத்தான் பயாஸில் லோட் லைன் கேலிப்ரேஷன் என்ற அமைப்பு இருக்கிறது. அவசரப்பட்டு உச்ச நிலையில் வைத்தேன். சூடு 97 டிகிரியைத் தொட்டது. நடு நிலைக்கு இறக்கியதும் லோடில் 1.26 நின்றது. கூடவே ஏவிஎக்ஸ் ஆஃப்செட்டை 2 ஆக்கினேன். ஏவிஎக்ஸ் வேலை வந்தால் மட்டும் வேகம் 4.8க்கு இறங்கும், மற்ற நேரம் 5தான். இப்போது சூடு 84ஐத் தாண்டுவதில்லை. இரண்டு மணி நேர எக்ஸ்போர்ட் நிற்காமல் முடிகிறது.

நடுவில் ஒருமுறை திரையே வரவில்லை. போர்டின் பின்பக்கம் இருந்த, பயாஸ் அமைப்புகளை அழித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் க்ளியர் சிமாஸ் பட்டன் காப்பாற்றியது. கொடுத்த காசுக்கு அன்றைக்கே பலன் கிடைத்துவிட்டது.