அழற்சியின்போது ரத்தக்குழாய்ச் செல் எவ்வளவு இழுக்கிறது? அளக்க வருபவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் எங்கள் ஆய்வகத்துக்கு வரும் மாணவர்கள் முதலில் கேட்பது, செல்களுக்கு அழற்சி ஊட்டும் டிஎன்எஃப் ஆல்ஃபா என்னும் புரதத்தை எவ்வளவு விட வேண்டும் என்பதைத்தான். மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம் என்பது வழக்கம், சொல்லியாயிற்று. அதைவிட முக்கியமானது, மருந்து படுவதற்கு முன்னால் அதே செல்கள் எவ்வளவு இழுத்துக்கொண்டிருந்தன என்பது. அதைக் காட்டும் நுண்ணோக்கிப் படம் கையில் இல்லாமல் அழற்சிக்குப் பிறகு எடுத்த எண்ணை என்னிடம் கொண்டுவர வேண்டாம்.

ரத்தக்குழாயின் உள்வரிச் செல்களுக்கு ஓய்வு கிடையாது. செல்லுக்குள் இருக்கும் ஆக்டின் புரத இழைகளை மயோசின் என்னும் இன்னொரு புரதம் சுருக்க, ஒவ்வொரு செல்லும் தன் தரையையும் பக்கத்துச் செல்லையும் இழுத்தபடியே இருக்கிறது. ரத்தத்தை உறையவைக்கும் த்ராம்பின் நொதி பட்டால் சில நிமிடங்களில் ரோ-ஏ புரதம் விழித்து, ராக் என்னும் நொதி வழியாக மயோசினை முடுக்கும். இழுப்பு கூடும், பக்கத்துச் செல்களைக் கோக்கும் விஇ-கேட்ஹெரின் புரதப் பிணைப்பு தளர்ந்த இடத்தில் இடைவெளி வாய் திறக்கும், அங்கே நீர் கசியும். டிஎன்எஃப் இவ்வளவு அவசரப்படாது. மரபணுக்களின் வேலையை மாற்றி, வெள்ளணுக்களைப் பிடித்து நிறுத்தும் ஐகேம்-1 புரதத்தை மேற்பரப்பில் ஏற்றி, ஆக்டினைத் தடித்த கட்டுகளாக அடுக்க அதற்குப் பல மணி நேரம் வேண்டும். த்ராம்பினுக்கு நிமிடத்துக்கு ஒரு படம் எடுங்கள். டிஎன்எஃப்புக்கு 24 மணி நேரம் வரை அட்டவணை போடுங்கள். ஒன்றின் அட்டவணையில் மற்றதைப் பார்த்துவிட்டு ‘விளைவு இல்லை’ என்று எழுதுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கண்ணாடித் தட்டில் வளர்த்தால் எதுவும் தெரியாது; செல் இழுத்துக் கண்ணாடி அசையாது. சில கிலோபாஸ்கல் விறைப்புள்ள பாலிஅக்ரிலமைடு ஜெல் வேண்டும். செல்லின் இழுப்பை நகர்ந்து காட்ட அதில் 0.2 மைக்ரான் ஒளிரும் மணிகளைக் கலந்து, தலைகீழாகக் கவிழ்த்து உறையவிட்டால் மணிகள் மேற்பரப்புக்கு அருகில் சேரும். உறையாத அக்ரிலமைடு நரம்புக்கு நஞ்சு, ஆகவே கையுறை கட்டாயம். ஜெல்லை உறையவைக்கும் அம்மோனியம் பெர்சல்ஃபேட்டை அன்றன்று கரையுங்கள். ஜெல் விறைப்பை ஒவ்வொரு தொகுதிக்கும் நீங்களே அளந்துகொள்ளுங்கள். விசைக் கணக்கு முழுவதும் அந்த ஒரு எண்ணின் மேல்தான் நிற்கிறது. ஜெல்லில் செல் தானாக ஒட்டாது, மேலே செல் பற்றிக்கொள்ளும் ஃபைப்ரோநெக்டின் புரதத்தைப் பிணைக்க வேண்டும்.

செல்கள் தொப்புள்கொடி நாளத்திலிருந்து வருபவை. ஜாஃபும் அவர் குழுவினரும் 1973இல் காட்டிய முறையே இன்றும் அடிப்படை. தாயின் எழுத்து மூலமான ஒப்புதல் இல்லாத தொப்புள்கொடியைத் தொடாதீர்கள். ஐந்தாறு முறை பிரித்து வளர்த்த பிறகு அவற்றின் குணம் மாறத் தொடங்கும். நீரிலோ ஊடகத்திலோ பாக்டீரியாவின் எண்டோடாக்சின் நஞ்சு கலந்திருந்தால், நீங்கள் அழற்சி ஊட்டும் முன்பே செல்களுக்கு அழற்சி வந்துவிடும். ‘கட்டுப்பாட்டுத் தட்டு’ என்று பெயர் எழுதி வைத்துவிட்டால் அது அமைதியாக இருக்கிறது என்று பொருளாகாது.

மருந்தை விடுவதே ஒரு விசைதான். தமனியில் ஓடும் ரத்தம் இந்தச் செல்களைத் தடவி இழுப்பது ஏறத்தாழ 1 முதல் 2 பாஸ்கல்; அதை உணரும்படி அமைந்த செல்மீது பிப்பெட்டை வேகமாக அழுத்தினால் அதற்கும் பதில் சொல்லும். 37 டிகிரிக்குச் சூடாக்கிய ஊடகத்தில் கலந்து, ஓரமாக, மெதுவாக விடுங்கள். கட்டுப்பாட்டுத் தட்டிலும் மருந்தில்லாத ஊடகத்தை அதே கையால், அதே வேகத்தில் விடுங்கள்.

மின்வெட்டு எங்கள் ஊர்ப் பாடத்திட்டத்தில் எழுதப்படாத அத்தியாயம். அடைகாப்புப் பெட்டியின் கதவைத் திறக்காமலிருந்தால் சூடு கொஞ்ச நேரம் தாங்கும். நுண்ணோக்கி மேடை தாங்காது: சூடு இறங்கினால் ஜெல் நகர்ந்ததுபோல் படம் காட்டும். செல் இல்லாத ஓர் ஓரத்தை எப்போதும் விட்டு வையுங்கள். அங்குள்ள மணிகள் நகர்ந்தால் அது செல்லின் இழுப்பல்ல, அந்த நகர்வைக் கணக்கிலிருந்து கழியுங்கள்.

கடைசியாக, செல்களின் பிடியை அறுக்கும் ட்ரிப்சின் நொதியால் அவற்றை அகற்றி, தளர்ந்த ஜெல்லைப் படமெடுங்கள். இரண்டு படங்களுக்கும் இடையிலான மணி நகர்விலிருந்து, பட்லர் குழு 2002இல் கொடுத்த ஃபூரியே கணித முறையில் தரைவிசை, அதாவது செல் தரையை இழுக்கும் விசை, கிடைக்கும். தேர்வடம் பிடிப்பவர் காலைத் தரையில் ஊன்றித்தானே இழுக்கிறார். எல்லோருடைய கால் அழுத்தமும் தெரிந்தால் வடத்தின் இறுக்கத்தைக் கணக்கிடலாம். செல்களுக்கு இடையிலான இறுக்கத்தையும் இப்படித்தான் பெறுகிறோம். சராசரியை மட்டும் பார்க்காதீர்கள். சராசரி பெரிதாக மாறாமலே, விசை ஓரிரு இடங்களில் குவிந்து இடைவெளி திறக்கலாம். விசையின் வண்ண வரைபடத்தைச் செல் இடைவெளிப் படத்தின்மேல் வைத்துப் பாருங்கள்.

வேறொரு தட்டில் ராக் நொதியைத் தடுக்கும் ஒய்-27632ஐ 10 மைக்ரோமோலார் அளவில் விட்டு அளவெடுங்கள். இழுப்பு இறங்க வேண்டும். இறங்கவில்லையென்றால் ஜெல்லிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.