நாட்டுச்சர்க்கரை டீ: எங்கே தப்பு நடக்கிறது?

கொடைக்கானல் மலையில் இருக்கும் பண்ணைக்காட்டில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த சித்தி, "இனிமே வெள்ளைச் சர்க்கரையே வேண்டாம்" என்று சொல்லி, தளதளவென்று கொதிக்கிற டீயிலேயே இரண்டு கரண்டி நாட்டுச்சர்க்கரையைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் பால் திப்பி திப்பியாக ஒதுங்கிவிட்டது. திட்டு விழுந்தது பால்காரருக்கு. பால் மேல் குற்றமே இல்லை.

நாட்டுச்சர்க்கரை, வெல்லம் இரண்டிலுமே லேசான புளிப்புத்தன்மை உண்டு. அதோடு கொதிக்கிற சூடும் சேர்ந்தால் பால் திரியும். மலையில் டீ சீக்கிரம் ஆறிவிடுகிறது என்று எல்லாவற்றையும் அடுப்பிலேயே முடிக்கப் பார்க்கிறோம், அதுதான் வினை. இஞ்சி தட்டிப் போட்ட டீயை இறக்கி, ஒரு நிமிஷம் விட்டு, டம்ளரில் போட்ட சர்க்கரை மேல் ஊற்றிக் கலக்குங்கள். கடுங்காப்பி, சுக்குக் காப்பி என்றால் இந்தத் தொல்லையே இல்லை, கூடவே கொதிக்கவிடலாம். என்னைக் கேட்டால் நாட்டுச்சர்க்கரைக்குப் பொருத்தம் கடுங்காப்பிதான்.

அடுத்தது நிறம். பழனிப் பஞ்சாமிர்தத்துக்கே ஈரோடு மாவட்டத்துக் கவுந்தப்பாடியிலிருந்து நாட்டுச்சர்க்கரை வாங்குகிறார்கள்; அடிவாரத்தில் சரக்குக்குப் பஞ்சமில்லை. ஆனால் பளிச்சென்ற மஞ்சளைப் பார்த்து மயங்க வேண்டாம். நிறம் வெளுக்க ஹைட்ரோஸ் என்கிற ரசாயனத்தைச் சேர்ப்பவர்கள் உண்டு. நான் பழுப்பாக இருப்பதைத்தான் எடுப்பேன். அதற்காகக் கறுத்ததெல்லாம் சுத்தம் என்றும் இல்லை, தெரிந்த கடையில் வாங்குங்கள்.

பெரிய தப்பு ஒன்று இருக்கிறது: "நாட்டுச்சர்க்கரைதானே" என்று கூட ஒரு கரண்டி போடுவது. இதிலும் பெரும்பங்கு, வெள்ளைச் சர்க்கரையில் இருக்கிற அதே சுக்ரோஸ்தான். 100 கிராமுக்குக் கிட்டத்தட்ட 380 கலோரி. வெள்ளைச் சர்க்கரையோடு பெரிய வித்தியாசமில்லை. சுகர் இருப்பவர்களுக்கு இது மாற்று அல்ல, ரத்தச் சர்க்கரையை இதுவும் ஏற்றும். உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்ன கணக்குப்படி, சேர்க்கும் இனிப்பு ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள், அதாவது ஆறு டீஸ்பூனுக்குள், இருந்தால் நல்லது. அதில் நாட்டுச்சர்க்கரையும் சேர்த்தி. இரும்புச்சத்து இருப்பது உண்மைதான். ஆனால் ஒரு கரண்டியில் வருவது துளி. அந்தத் துளியையும் உடம்பில் சேரவிடாமல் டீயின் துவர்ப்பு தடுக்கும். எலுமிச்சை பிழிந்த பானகம் அந்த வகையில் தேவலை.

அப்புறம் இந்த மூடுபனி. பாக்கெட்டைப் பிரித்து அப்படியே வைத்தால் ரெண்டே நாளில் கசிந்து கட்டி தட்டிவிடும். இறுக்கமான மூடி போட்ட கண்ணாடி பாட்டில், ஈரமில்லாத கரண்டி, அடுப்புக்குப் பக்கத்து அலமாரி. மழைக்காலத்தில் நான் கால் கிலோவுக்கு மேல் வாங்குவதில்லை.