வகுப்பு நடக்காத நாட்களில்: உதவித் தாதியர் பயிற்சி பெறுவோருக்கு

விடியற்காலையில் மண்டூர்த் துறையில் வாவியைக் கடக்கும் மிதவைப் பாதையேறிக் குருமண்வெளியில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்து மட்டக்களப்பு நகருக்கு வந்து சேரும் மாணவியிடம், “இன்றைக்கு மிஸ் வரவில்லை, நாளைக்கு வாருங்கள்” என்று வாசலிலேயே சொல்லும்போது அவளுக்கு வரும் எரிச்சல் சாதாரணமானதல்ல. தனியார் நிலையமொன்றில் உதவித் தாதியர் பயிற்சி பெற்ற காலத்தில் எனக்கும் அது நன்கு பழக்கம். ஒரே மாதத்தில் நேர அட்டவணை மூன்று தடவை மாறியது. வார்ட் பயிற்சிக்கான கடிதம் வேறொரு வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்ந்தது. பரீட்சைக் கட்டணம் செலுத்தியவர்களின் பட்டியலில் என் பெயரே இருக்கவில்லை. இங்கே எழுதுவதில் பெரும்பகுதி, அப்போது நான் பிழையாகச் செய்து பின்னர் திருத்திக்கொண்டவை.

கோபப்படுவதற்கு முன்னர், உங்கள் நிலையம் ஒழுங்கற்றதா, அல்லது தகுதியே அற்றதா என்பதைக் கண்டறியுங்கள். தொழிற்பயிற்சி வழங்கும் நிலையங்கள், 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்யப்பட வேண்டும். நிலையத்தைப் பதிவு செய்வது வேறு, அங்கு நடக்கும் ஒரு பாடநெறிக்கு அங்கீகாரம் பெறுவது வேறு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. முதலாவதை மட்டும் சட்டகமிட்டுச் சுவரில் மாட்டியிருப்பார்கள். ஆகவே உங்கள் பாடநெறியின் பெயரையும், அது தேசிய தொழில்சார் தகைமையின் (NVQ) எந்த மட்டத்துக்குரியது என்பதையும் சொல்லி, ஆணைக்குழுவிடமே விசாரியுங்கள். அத்துடன், இந்தப் பயிற்சியை முடித்தால் அரசாங்க வைத்தியசாலையில் தாதிய உத்தியோகத்தர் நியமனம் கிடைக்கும் என்று யாராவது வாக்குறுதி தந்திருந்தால், அது ஒழுங்கின்மை அல்ல, ஏமாற்று. அந்தப் பதவிக்கான வழி, உயர்தரப் பெறுபேறுகளைக் கொண்டு சுகாதார அமைச்சு ஆட்சேர்த்து மட்டக்களப்பிலுள்ளதைப் போன்ற அரச தாதியர் கல்லூரிகளில் வழங்கும் மூன்று வருடப் பயிற்சியோ, கிழக்குப் பல்கலைக்கழகத்திலுள்ளதைப் போன்ற தாதியியல் பட்டப்படிப்போதான்.

நிலையம் தகுதியுடையது, நடத்துகிற விதம்தான் சரியில்லை என்று தெரிந்துவிட்டால், ஒரு நூறு பக்கக் கொப்பி வாங்குங்கள். நான் சொல்லக்கூடிய மிக முக்கியமான அறிவுரை இதுதான். திகதி, கற்பித்தவர், கற்பித்த விடயம், வகுப்பு எத்தனை மணிக்கு ஆரம்பித்து எத்தனை மணிக்கு முடிந்தது, நடக்கவில்லையென்றால் சொல்லப்பட்ட காரணம் ஆகியவற்றை அன்றன்றே எழுதுங்கள். வார்ட்டில் செய்த ஒவ்வொரு வேலையையும், மேற்பார்வை செய்தவரையும் தனிப்பக்கத்தில் குறித்து, முடியுமானால் அவரிடமே கையொப்பம் பெறுங்கள். ஏனெனில் தொழில்சார் தகைமை மதிப்பீட்டில் நீங்கள் என்ன செய்யத் தெரிந்தவர் என்பதற்குச் சான்று கேட்பார்கள், நிலையம் உங்கள் பதிவுகளைத் தொலைத்துவிட்டது என்ற விளக்கம் அங்கே எடுபடாது. பணம் கட்டினால் பற்றுச்சீட்டு வாங்காமல் இடத்தை விட்டு அசையாதீர்கள். வாங்கியதைப் படமெடுத்து வீட்டிலுள்ள ஒருவருக்கும் அனுப்பிவையுங்கள். பரீட்சைப் பட்டியலில் என் பெயர் விடுபட்டபோது, அரை மணி நேரம் அழுதும் அசையாத அலுவலகம், பற்றுச்சீட்டின் இலக்கத்தைக் காட்டியதும் ஐந்து நிமிடத்தில் பெயரைச் சேர்த்தது. எழுதத் தொடங்கியதும் மனமும் ஓரளவு ஆறுகிறது என்பது நான் எதிர்பாராத பயன்.

முறைப்பாடு செய்வதற்கும் ஒரு முறை உண்டு. இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் நாற்பது பேர் சேர்ந்து திட்டுவதால் அடுத்த நாள் வகுப்பு நடக்கப்போவதில்லை. நித்திரை மட்டுமே கெடும். திட்டு வாங்குகிற மிஸ் பெரும்பாலும் குற்றவாளியும் அல்லர். தனியார் நிலையங்களில் கற்பிப்பவர்கள் பலர் வைத்தியசாலைக் கடமை முடிந்து வருபவர்கள். அங்கே கடமைப்பட்டியல் மாறினால் இங்கே வகுப்பு விழும். மாற்று ஏற்பாடு செய்யாத நிர்வாகத்திடமே கேட்க வேண்டும். ஒரு கடிதத்தில் ஒரு விடயத்தை மட்டும் எழுதுங்கள். “இம்மாதம் நடைபெறாத நான்கு செய்முறை வகுப்புகளை எந்தத் திகதிகளில் நடத்துவீர்கள் என்பதை எழுத்தில் அறியத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்” என்பது போல, பதிலாகத் திகதியைத் தவிர வேறெதையும் சொல்ல முடியாத வகையில் கேளுங்கள். மூன்று நான்கு பேர் சேர்ந்து கையொப்பமிடுவது நல்லது. தனியாளுக்குப் “பிரச்சினைக்காரி” என்ற பட்டம் எளிதில் ஒட்டிக்கொள்ளும். பிரதியில் அலுவலக முத்திரை பெற மறக்க வேண்டாம். பதில் வராவிட்டால் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். பணத் தகராறு என்றால் மத்தியஸ்த சபைக்குப் போகலாம். ஆணைக்குழு அரச நிறுவனம் என்பதால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி உங்கள் நிலையத்தின் பதிவு விபரத்தை அதனிடம் கேட்கலாம்; தகவல் தருவதா இல்லையா என்ற தீர்மானத்தைப் 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும்.

வெறுமையாகப் போன மணித்தியாலங்களை மீட்பது உங்கள் கையில் இருக்கிறது. இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் நாடித்துடிப்பை ஒரு முழு நிமிடம் எண்ணிப் பழகுங்கள். ஓய்விலிருக்கும் வளர்ந்தவருக்கு அது 60 முதல் 100 வரை இருக்கும். சுவாசம் 12 முதல் 20 வரை. ஆனால் எண்ணுகிறேன் என்று சொல்லிவிட்டு எண்ணினால் மூச்சு மாறிவிடும் என்பதால், நாடியைப் பிடித்த கையை எடுக்காமலேயே நெஞ்சைக் கவனியுங்கள். பிரஷர் பார்க்குமுன் ஐந்து நிமிடம் அமரச் செய்து, கையை இதயத்தின் மட்டத்தில் தாங்கி வைக்க வேண்டும்; கைப்பட்டி சிறியதாக இருந்தால் அளவு கூடுதலாகக் காட்டும். சவர்க்காரமிட்டுக் கை கழுவ 40 முதல் 60 விநாடிகள் வேண்டும், அதையும் மணிக்கூட்டைப் பார்த்துச் செய்யுங்கள். மாரி மழையில் வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை வீதிகள் நீரில் மூழ்கி யாருமே வர முடியாத நாட்களுக்கும் வீட்டில் இது உதவும். படுக்கையில் கிடக்கும் அம்மம்மாவை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பதை விடச் சிறந்த செய்முறை வகுப்பு எந்த நிலையத்திலும் இல்லை.

விலகுவதா என்ற கேள்வி வந்தால், அடுத்த தவணைப் பணத்தைக் கட்டுமுன் முடிவெடுங்கள், கட்டிய பின் அல்ல. வேலை அனுபவம் உள்ளவர்களுக்கு, முன் கற்றலை அங்கீகரிக்கும் முறையில் மதிப்பீட்டுக்குத் தோற்றித் தகைமை பெறும் வாய்ப்பும் இருக்கிறது.

ஆனால் இருக்கும்வரை ஒரு விடயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். நிலையம் சொல்லித்தராததை வார்ட்டில் தெரிந்ததுபோல் காட்டிக்கொள்ள ஆசை வரும். வெட்கமும் சேர்ந்து தள்ளும். முதல் நாளே ஒருவர் என் கையில் ஊசி மருந்தைத் தந்தபோது, “எனக்கு இன்னும் காட்டித்தரவில்லை, மிஸ்” என்று சொன்னேன். அவர் என்னைத் திட்டினார், எங்கள் நிலையத்தையும் திட்டினார். பிறகு பக்கத்தில் நிறுத்திவைத்துக் காட்டித் தந்தார்.